பத்து நாள் நாய்

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நாயை ஏன் இன்னும் பிடிக்கவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். மீதிப் பேர் நாயை ஏன் பிடித்துப் போனீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மேஜை, ஒரு போன், ஒரு நாற்காலி. நாற்காலியில் நான். பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் நகராட்சி பெயரெல்லாம் போட்டு நீளமாக ஒரு பலகை தொங்குகிறது. அதை யாரும் படிப்பதில்லை. ஜனங்களுக்கு இது நாய் ஆபீஸ், நான் நாய் ஆபீசம்மா.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. பின்பக்கம் கூண்டு கழுவுகிற கூண்டக்காவைப் பற்றி. அவளுக்கு வேறு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஐம்பத்திரண்டு வயசு. ஒல்லி உடம்பு, இரும்புக் கை. அவள் வீட்டுக்காரர் எங்கள் நாய் வண்டியின் டிரைவராக இருந்தவர். காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டார். அந்த இரக்கத்தில் அவளைக் கூண்டு கழுவச் சேர்த்துக்கொண்டார்கள். இரக்கம் அதோடு நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் தினக்கூலி. வேலை நிரந்தரம் ஆகும் ஆகும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள், அவளும் ஒவ்வொரு வருஷமும் போட்டோ ஒட்டி மனு கொடுப்பாள். மனுவில் இருக்கிற போட்டோக்களை வரிசையாக வைத்தால் அவளுக்குத் தலை நரைத்த கதையே தெரிந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு வந்தால் முப்பத்தாறு கூண்டும் கழுவி முடிக்கப் பதினொன்று ஆகும். வீட்டுக்குப் போனால் கொல்லைக் குழாயில் குளித்த பிறகுதான் உள்ளே போகலாம். அது மகள் போட்ட சட்டம். குளிக்காமல் பேரக்குழந்தையைத் தொடக் கூடாது. மருமகன் கேலிக்காரன். "அத்தை தெருமுனை திரும்பறது நமக்குத் தெரியுதோ இல்லியோ, தெருவுல இருக்கற நாய்க்கெல்லாம் தெரிஞ்சிடுது, எல்லாம் ஓடிப்போய் ஒளிஞ்சுக்குது" என்பான். கூண்டக்கா சிரிப்பாள். அவளை நான்கு நாய்கள் கடித்திருக்கின்றன. எது எந்த வருஷம், எந்தக் கூண்டு, தப்பு யாருடையது என்று எல்லாம் சொல்வாள். நான்கில் மூன்று தன் தப்பு என்பாள். நாய்க்கு இவ்வளவு நியாயம் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எனக்கு நாய் என்றாலே ஆகாது, அது வேறு விஷயம்.

பத்து நாள் நாய் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாய் யாரையாவது கடித்துவிட்டால் அதைப் பிடித்து வந்து பத்து நாள் தனியாக அடைத்து வைப்போம். வெறி நோய் இருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் அது செத்துவிடும். பத்தாம் நாளும் நன்றாக இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் விஷம் இல்லை என்று அர்த்தம். அதற்காகக் கடிபட்டவர் ஊசி போடாமல் நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கடித்த அன்றே ஊசி போட வேண்டும். இதை என் தலைக்கு மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். எழுதி மாட்டினால் மட்டும் என்ன.

நான் சொல்லப்போகிற பத்து நாள் நாய் கடித்தது ஒரு வாட்ச்மேனை, அடுக்குமாடி வீட்டில் காவல் இருப்பவர். ஆறடி உயரம், தோள் இரண்டும் கதவு அகலம். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இருட்டில் ஒரு பழுப்பு நாய் நுழைந்திருக்கிறது. விரட்டப் போனவரின் வலது கையைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்றவருக்கு ஊசி போடுவதைப் பார்த்ததும் அந்த ஆறடியும் அப்படியே சரிந்து தரையில் விழுந்திருக்கிறது. தண்ணீர் தெளித்து எழுப்பினால், எழுந்தவர் நேரே வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார். அதன்பின் என்ன சொல்லியும் மசியவில்லை. "நாயைத்தான் பிடிச்சு வச்சிருக்காங்கல்ல, பத்து நாள் பார்ப்போம்" என்று ஒரே பிடிவாதம்.

இதெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சட்டை தைக்கிற கம்பெனியில் பொத்தான் வைப்பவள். நாய் கூண்டுக்கு வந்த மறுநாளே பதினோரு மணி இடைவேளையில் ஓடி வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"அந்த நாய் உயிரோட இருக்குதா மேடம்?"

"இருக்கு."

"நான் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடட்டுமா?"

பொதுமக்கள் பின்பக்கம் போகக் கூடாது என்பது விதி. நான் விதியைச் சொன்னேன். முகத்தைக் கொஞ்சம் சுளித்தே சொன்னேன் என்று நினைக்கிறேன். காலையிலிருந்து போனில் ஒன்பது பேரிடம் திட்டு வாங்கியிருந்தேன். அப்போது கூண்டக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "விடு தங்கச்சி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அழைத்துப் போனாள். அன்றிலிருந்து அந்தப் பெண் தினமும் வந்தாள். கம்பிக்கு வெளியே நின்று நாய் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பாள், தின்றதா என்று கேட்பாள், போய்விடுவாள். கட்டின புருஷனின் உயிர் ஒரு தெருநாயின் உடம்பில் இருக்கிறது என்றால் வேறு என்ன செய்வாள்.

இப்போது நாய் வந்த மூன்றாம் நாளுக்கு வருகிறேன். 

பத்து நாள் நாய்களுக்குத் தனி வரிசை. அதில் மூன்று கூண்டுகள். ஒன்றை எப்போதும் காலியாக வைத்திருப்போம், கழுவுவதற்கு அதுதான் வழி. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே மேலே தூக்குகிற தகடு இருக்கும். தகட்டைத் தூக்கி நாயைக் காலிக் கூண்டுக்குத் தள்ளிவிட்டு, அது இருந்த கூண்டைக் கழுவி, அடுத்த நாயை அதில் தள்ளி, அது இருந்ததைக் கழுவ வேண்டும். ஆக நாய்கள் தினமும் ஒரு கூண்டு நகரும். நாயோடு அதன் அட்டையும் நகர வேண்டும். கடித்த நாய்க்குச் சிவப்பு அட்டை. தெருவிலிருந்து கருத்தடைக்குக் கொண்டு வருகிற நாய்க்கு மஞ்சள் அட்டை. தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும் என்று கழுவும்போது அட்டைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். முடித்ததும் நாயைப் பார்த்துப் பார்த்து மாட்டுவாள்.

அந்த வாரம் வண்டிக்காரர்கள் கை போன போக்கில் நாய்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இடமில்லாமல் மஞ்சள் அட்டை நாய் ஒன்றைத் தனி வரிசையில் அடைத்தார்கள். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு. இரண்டும் ஆண், ஏறக்குறைய ஒரே வளர்த்தி. முந்தின நாள் மஞ்சள் அட்டை நாய் இடது ஓரம், சிவப்பு அட்டை நாய் நடுவில், வலது ஓரம் காலி. மூன்றாம் நாள் காலை கூண்டக்கா இரண்டையும் ஒவ்வொரு கூண்டு வலது பக்கம் நகர்த்திக் கழுவி முடித்தாள். அட்டைகள் இன்னும் இடுப்பில் இருந்தன. அப்போது நான் கூப்பிட்டேன்.

"அக்கா, ஓடி வா, டாக்டர் கூப்பிடறார். உன் ஆர்டர் வந்திருக்கு!"

டாக்டர் என்றால் எங்கள் மாட்டு டாக்டர், ஆபீசுக்கும் அவர்தான் தலை. நிரந்தர ஆர்டர் மேலிடத்திலிருந்து வந்து அவர் மேஜையில் இருந்தது. அவர் ஒரு கையெழுத்து போட்டு, நடத்தை திருப்தி என்று எழுதி அனுப்பினால் முடிந்தது. கூண்டக்கா அந்தக் காகிதத்தைத் தொடாமல், ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அழுதாள். நானும் அழுதேன். டாக்டர்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தோடு போய் அட்டையை மாட்டினாள். நேற்று சிவப்பு நடுவில் தொங்கியது. கை அதே இடத்துக்குப் போய்விட்டது. நடுவில் இருந்தது மஞ்சள் அட்டை நாய். மிச்சமிருந்த மஞ்சள் அட்டை கடித்த நாயின் கூண்டுக்குப் போயிற்று.

அன்று இது யாருக்கும் தெரியாது. பிற்பாடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

நான்காம் நாள் காலை ஆட்கள் வந்து மஞ்சள் அட்டை பார்த்து அந்த நாயை அறுவைக்கு இழுத்துப் போனார்கள். "மந்தமா இருந்துச்சு, சுருக்குப் போட்டதும் தானா வந்துடுச்சு" என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாம் நாள் அது செத்துக் கிடந்தது. வாயில் எச்சில் வழிந்திருந்தது, மயக்க மருந்துக்குப் பிறகு எல்லா நாய்க்கும் வழிவதுதான். மயக்க மருந்து தாங்கவில்லை என்று டாக்டர் எழுதினார். மதியத்துக்குள் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடிவிட்டார்கள்.

அதே ஐந்தாம் நாள் ஒருவர் போன் செய்தார். சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர். தன் கடை வாசலில் கிடந்த நாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோனீர்கள், எப்போது கொண்டு வந்து விடுவீர்கள் என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன்.

"அது செத்துப் போச்சு. மயக்க மருந்து தாங்கலை."

"என்னம்மா சொல்றீங்க? நல்லா கல்லு மாதிரி இருந்துச்சே!"

"எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னொரு நிமிஷம் அந்த மனிதரோடு பேசியிருந்தால், உங்கள் நாய் எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஐந்தாம் நாளே எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் சிவப்பு அட்டைக் கூண்டில் இருந்த நாய் நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தது. கூண்டக்காவுக்கே ஆச்சரியம்.

"வந்த அன்னைக்கு என் துடைப்பத்தைக் கவ்விக்கிட்டு விடவே இல்ல தங்கச்சி. இப்ப என்னன்னா கையை நக்குது. திருந்திடுச்சு பயபுள்ள."

"உன்கிட்ட வந்தா யாருதான் திருந்த மாட்டாங்க" என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. பத்தொன்பது வருஷம் நாயோடு புழங்கியவளுக்கு ஏன் உறைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சந்தோஷமாக இருந்தாள், அதுதான் காரணம். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாய் நல்லதாகத் தெரிந்தது, நான் நல்லவளாகத் தெரிந்தேன், டாக்டரும் நல்லவராகத் தெரிந்தார்.

வாட்ச்மேன் மனைவியிடமும் நாய் திருந்திய கதையைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் ஏழாம் நாள் கொஞ்சம் தெளிந்தது. எட்டாம் நாள் நாயைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "இன்னும் ரெண்டே நாள், நல்லா இருந்துடு சாமி" என்று கம்பிக்கு வெளியே நின்று அதைக் கெஞ்சினாள். "அவரு ஊசி போட்டுக்கிட்டாரா?" என்று கூண்டக்கா ஒவ்வொரு நாளும் கேட்பாள். அந்தப் பெண் இல்லையென்று தலையை ஆட்டுவாள். "இனிமே எதுக்கு அக்கா, அதான் நல்லா தின்னுதே" என்றாள் ஒன்பதாம் நாள்.

பத்தாம் நாள் வாட்ச்மேனே வந்தார். கைக்காயம் ஆறிக் காய்ந்து போயிருந்தது. கூண்டு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். நாய் வாலை ஆட்டியது.

"இதுவா என்னைக் கடிச்சது? அன்னைக்கு இருட்டுல பார்த்தப்ப புலி மாதிரி இருந்துச்சு. இது கன்னுக்குட்டி மாதிரி இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சான்றிதழ் தட்டச்சு செய்தேன். மேற்படி நாய் பத்து நாட்கள் கண்காணிப்பில் வைக்கப்பட்டு நலமாக உள்ளது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், நான் சீல் அடித்தேன். வாட்ச்மேன் அதை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

பதினோராம் நாள் காலை சைக்கிள் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். போனில் நான் பேசிய லட்சணத்துக்கு ஆறு நாள் பொறுத்ததே பெரிய விஷயம். கிரீஸ் படிந்த கையால் என் மேஜையைத் தட்டினார்.

"நல்லா இருந்த நாயைக் கொண்டாந்து கொன்னுட்டு, போனை வேற படார்னு வைக்கறீங்களா? யாரு கேக்கறதுக்கு ஆள் இல்லன்னு நெனைச்சீங்களா? எங்க புதைச்சீங்க, அந்த எடத்தையாவது காட்டுங்க!"

அவர் குரல் கடைவீதிக் குரல். கட்டிடம் முழுக்க எதிரொலித்தது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஒரு நாய் ஊளையுமில்லாமல் குரைப்புமில்லாமல் கீச்சுக் குரலில் அழுதது. தகட்டை நகத்தால் பிறாண்டுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

"அது எங்க பய" என்றார். "ஏம்மா, அது எங்க பயலோட குரல்!"

யாரையும் கேட்காமல் உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். சிவப்பு அட்டைக் கூண்டில் அந்தப் பழுப்பு நாய் கம்பியில் தொற்றிக்கொண்டு துள்ளியது, மூத்திரம் போனது, அவர் விரலை விடாமல் நக்கியது. அவர் தரையில் உட்கார்ந்து கம்பிக்குள் கைவிட்டுச் சிரித்தார், அழுதார். "செத்துப் போச்சுன்னு சொன்னாங்கடா உன்னை" என்றார். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை எங்கள் ஆபீசில் நான் பார்த்ததே இல்லை.

கூண்டக்கா தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் நாயைப் பார்த்தாள், சிவப்பு அட்டையைப் பார்த்தாள், பக்கத்துக் காலிக் கூண்டைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் விளங்கியது. இந்த நாய் உயிரோடிருந்தால் குழியில் கிடப்பது அந்த நாய்.

டாக்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாங்கள் மூன்று பேர்.

"குழியைத் தோண்டிப் பார்த்தா?" என்றேன்.

"சுண்ணாம்பு போட்டு ஆறு நாள் ஆச்சு. மூளையெல்லாம் கரைஞ்சிருக்கும், டெஸ்ட் பண்ண முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்தது வெறி நோயிலதான்னு என்ன நிச்சயம்? மயக்க மருந்துல எத்தனையோ நாய் சாகுது. தேவையில்லாம அந்த ஆளைப் பயமுறுத்தி, விசாரணை வந்து, எனக்கும் வேலை போய், உங்களுக்கும் போய்... ஏம்மா, உன் ஆர்டர்ல நான் இன்னும் கையெழுத்து போடலை, ஞாபகம் வச்சுக்கோ."

கெட்டவர் இல்லை அவர். பயந்தவர். பயந்தவர்கள் செய்வதைத்தான் செய்தார்.

கூண்டக்கா கதவைத் திறந்து வெளியே நடந்தாள். நேரே வாட்ச்மேன் வேலை பார்க்கிற இடத்துக்குப் போனாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பாதி நாளில் கிளம்பிப் போனது அன்றுதான். போன வேகத்திலேயே திரும்பினாள். கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அட்டையை மாற்றி மாட்டியது தன் கைதான், கடித்த நாய் செத்துவிட்டது, இப்போதே கிளம்பி ஊசிக்கு வா என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"டாக்டர் கையெழுத்து இருக்கு, சர்க்கார் சீல் இருக்கு. நீங்க கூண்டு கழுவறவங்க. நான் எதைம்மா நம்பறது?"

மறுநாளும் போனாள். அவர் மனைவியிடம் சொன்னாள். அந்தப் பெண் வெலவெலத்துப் போனாள், புருஷனோடு மல்லுக்கு நின்றாள். அவர் அசையவில்லை. ஊசிப் பயம் அவருக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்தக் காகிதத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளும் போனாள். இந்த முறை அவர் கேட்டையே திறக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து என் மேஜை முன்னால் நிற்பாள். "தங்கச்சி, அந்தக் காகிதம் தப்புன்னு ஒரு காகிதம் குடேன். சீல் வச்சுக் குடு. காகிதத்தைத்தான் அந்த மனுஷன் நம்பறான்."

"டாக்டர் கையெழுத்து இல்லாம நான் எப்படி அக்கா?"

இதுதான் நான் சொன்ன பதில். மூன்று நாளும் இதையே சொன்னேன். சீல் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. எனக்குக் கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள், வாடகை வீடு, நடக்க முடியாத மாமியார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அட்டையை மாற்றியது கூண்டக்காவின் தப்பு என்றால், அந்த மூன்று நாள் என் தப்பு. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

பதினான்காம் நாள் காலை கூண்டக்கா என் மேஜைக்கு வரவில்லை. டாக்டர் அறைக்குப் போனாள். அவர் மேஜையிலிருந்த தன் நிரந்தர ஆர்டரை எடுத்தாள், இரண்டாகக் கிழித்து அவர் முன்னாலேயே வைத்தாள். "இனிமே நீங்க எனக்குக் கையெழுத்து போட வேண்டியது ஒண்ணும் இல்ல சார். அந்த ஆளுக்குப் போட்டுக் குடுங்க" என்றாள். டாக்டர் போடவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அந்தக் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து தட்டச்சு செய்தேன். மேற்படி சான்று தவறானது. கண்காணிப்பில் இருந்தது வேறு நாய். கடித்த நாய் ஐந்தாம் நாளே இறந்துவிட்டது. உடனே ஊசி போட்டுக்கொள்ளவும். கீழே என் கையெழுத்தைப் போட்டேன், சீல் அடித்தேன்.  இருவரும் ஆட்டோ பிடித்துப் போனோம்.

வாட்ச்மேன் அதைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று படித்தார். திரும்பவும் படித்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப நேத்து வரைக்கும் இந்தம்மா சொன்னது நெஜமா?"

 அவர் மனைவிக்குப் போன் செய்து வரவழைத்தோம். ஆஸ்பத்திரியில் அவர் வலது கையை அவள் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊசி போட்டுக்கொண்டார். இந்த முறை விழவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் கடித்த தேதியைக் கேட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"கையில ஆழமான கடி. ரெண்டு வாரம் ஆயிடுச்சு. போடறோம். ஆனா இவ்வளவு லேட்டா போட்டா எதுவும் உறுதியா சொல்ல முடியாது."

"எத்தனை நாள் பார்க்கணும் டாக்டர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"மாசக்கணக்கா."

வெளியே பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தபோது கூண்டக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.  அந்தப் பெண்ணே பேசினாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் வரலை அக்கா. ஏன்னு தெரியலை. அவர் நல்லா இருக்கற வரைக்கும் வராதுன்னு நெனைக்கிறேன்."

"வராமயே இருக்கட்டும்மா" என்றாள் கூண்டக்கா.

பிறகு எனக்கு மெமோ வந்தது. டாக்டர் நீண்ட விடுப்பில் போனார். சைக்கிள் கடைக்காரர் நாயைத் தன் கேரியரிலேயே கட்டி உட்கார வைத்துக் கூட்டிப்போனார். கூண்டக்காவை வேலையை விட்டு அனுப்ப யாருக்கும் தைரியமில்லை, அவள் போனால் முப்பத்தாறு கூண்டை யார் கழுவுவது. தினக்கூலியாகவே வந்து போய்க்கொண்டிருந்தாள். சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். வாரம் இரண்டு முறை வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். "நல்லா இருக்கார், இட்ட வேலை பார்க்கறார்" என்பாள். ஐந்து ஊசியில் நான்கு போட்டாயிற்று. ஒரு மாதம் தாண்டியது. நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமல் இருக்கப் பழகினோம்.

இன்று நாற்பத்தோராம் நாள். பத்தரை மணிக்குப் போன் அடித்தது. வழக்கமான புகார் என்று எடுத்தேன். அந்தப் பெண்.

"மேடம், அவருக்கு ரெண்டு நாளா அந்தக் கையில குறுகுறுன்னு இருக்குதாம். எறும்பு ஊர்ற மாதிரி. காலையில இருந்து ஃபேனைப் போடாதேங்கறார். இந்தப் புழுக்கத்துல, ஃபேனை நிறுத்து நிறுத்துன்னு கத்தறார். காத்து பட்டாலே தொண்டையைப் பிடிச்சுக்கறார். என்ன மேடம் இது?"

தண்ணீரைக் கண்டு பயப்படுவார்கள் என்று ஊருக்கெல்லாம் தெரியும். காற்றைக் கண்டும் பயப்படுவார்கள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிலை வந்துவிட்டால் யாரும் பிழைப்பதில்லை என்பதும் தெரியும்.  அந்தப் பக்கம் அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். என் மௌனத்தைப் புரிந்துகொண்டாள். குரல் மாறிவிட்டது.

"அவங்க இருக்காங்களா? அவங்ககிட்ட குடுங்க."

கூண்டக்கா பின்பக்கத்திலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் போனை வாங்கிக்கொண்டாள்.  போனிலிருந்து வந்த கத்தல் எனக்கு மேஜை வரைக்கும் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. புரியவும் வேண்டாம். கூண்டக்கா காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்கவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டும்மா" என்றாள். "நல்லா திட்டு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். திட்டிக்கிட்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அவரைத் தனியா விடாதே. நான் இதோ வர்றேன்."